கொடுத்த புகாருக்குப் பதில் எங்கே வருது?

(சாணார்பட்டி வட்டார மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் "செல்போனும் பெண்கள் பாதுகாப்பும்" என்று எழுதியிருக்கிறார்கள். ரொம்பப் பெரிய தலைப்பு. முழுதும் பேசினால் கோபால்பட்டி பக்கம் போகிறவர்களுக்கு பஸ் போய்விடும். அதனால் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் இதிலெல்லாம் நம்மைப் பற்றித் தப்பான பதிவு வந்தால் "ரிப்போர்ட்" பண்ணு என்கிறார்கள். தமிழில் "புகாரளி" என்று இருக்கும். சரி, அமுக்கிவிட்டோம். அதற்கப்புறம் என்ன நடக்குது? பதில் வருமா? எங்கே வரும்? வந்த பதிலை வைத்து என்ன செய்வது? இதைத்தான் பேசப்போகிறோம்.

மனு கொடுத்தால் சீட்டு வாங்குவோம் அல்லவா?

திங்கட்கிழமை திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். நம்மில் பாதிப் பேர் அங்கே போய் மனு கொடுத்தவர்கள்தான். முதியோர் உதவித்தொகைக்கு, பட்டாவுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று கொடுத்திருக்கிறோம். மனுவைக் கொடுத்துவிட்டு சும்மா வருவோமா? மனு எண் போட்ட சீட்டை வாங்கி, மடித்து, ரேஷன் கார்டு கவருக்குள் வைப்போம். பிறகு பதில் கடிதம் வரும். "பரிசீலிக்கப்பட்டது", "தகுதி இல்லை என நிராகரிக்கப்பட்டது" என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். நிராகரித்தால் விட்டுவிடுகிறோமா? இல்லை. ஏன் நிராகரித்தாய் என்று கேட்டு மேல்முறையீடு செய்கிறோம்.

செல்போனில் புகார் செய்வதும் ஒரு மனுதான். அதற்கும் சீட்டு உண்டு, பதில் உண்டு, மேல்முறையீடு உண்டு. ஆனால் அந்தச் சீட்டு காகிதத்தில் வராமல் செல்போனுக்குள்ளேயே ஒரு மூலையில் வந்து விழுகிறது. நாம் அதைப் பார்ப்பதில்லை. பார்க்காததால் "புகார் பண்ணியும் ஒண்ணும் நடக்கல" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

பதில் வந்து விழும் இடம்

பேஸ்புக்கில் ஒரு பதிவைப் புகார் செய்தால், முதலில் "உங்கள் புகார் கிடைத்தது" என்று ஒரு செய்தி வரும். இது ஒப்புகைச் சீட்டு. பிறகு முடிவு வரும். மணி அடையாளம் இருக்கும் இடத்தில் ஒரு அறிவிப்பு தெரியும். அதை அறியாமல் தள்ளிவிட்டாலும் பரவாயில்லை. மெனுவில் "உதவி" என்ற பகுதிக்குள் உதவி இன்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நாம் செய்த புகார்களின் நிலவரம் அங்கே இருக்கும். இன்ஸ்டாகிராமிலும் அமைப்புகளுக்குள் "உதவி" என்ற இடத்தில் உங்கள் புகார்களைப் பார்க்கலாம். யூடியூபில் புகார் வரலாறு என்று தனிப் பக்கமே உண்டு. நாம் புகார் செய்த வீடியோ இன்னும் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்று அதில் தெரியும். இந்தப் பெயர்களை அடிக்கடி மாற்றுவார்கள். அதனால் பெயரை மனப்பாடம் பண்ண வேண்டாம். "உதவி" அல்லது "ஹெல்ப்" என்ற சொல்லைத் தேடிப் போங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வாட்ஸ்அப் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் நாம் அனுப்புகிற செய்தியை நடுவில் கம்பெனி படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்கள். ஆனால் ஒருவரைப் பற்றி நாம் புகார் செய்தால், அவர் நமக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் கம்பெனிக்குப் போகும். அதை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்வார்கள். புகார் செய்யும்போது "பிளாக் செய்யவா, சாட்டை அழிக்கவா" என்று கேட்டால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் நாளைக்குப் போலீசில் காட்ட ஒன்றும் இருக்காது. குழுவுக்குள் வந்த கெட்ட செய்தி என்றால், ஆதாரம் எடுத்த பிறகு, குழு அட்மின் அதை எல்லோருக்கும் சேர்த்தே நீக்கலாம். 2022-ம் ஆண்டு முதல் இந்த வசதி இருக்கிறது.

நாம் புகார் பண்ணினது அவனுக்குத் தெரியுமா?

கூட்டத்துக்குக் கூட்டம் என்னிடம் கேட்கிற கேள்வி இதுதான். "நான்தான் புகார் பண்ணினேன்னு தெரிஞ்சா வீட்டு வாசல்ல வந்து சண்டை போடுவானே, அம்மா" என்று பயப்படுகிறார்கள். நியாயமான பயம். ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பகையை வளர்க்க யாருக்கு ஆசை?

பதில் இதுதான்: அவருக்கு உங்கள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பதிவு நீக்கப்பட்டால், "உங்கள் பதிவு எங்கள் விதிக்கு மாறாக இருந்ததால் எடுத்துவிட்டோம்" என்று மட்டும் போட்டவருக்கு அறிவிப்பு போகும். யார் புகார் சொன்னார்கள் என்பது அதில் இருக்காது. வாட்ஸ்அப்பில் புகார் செய்தாலும் அப்படித்தான், எதிராளிக்குத் தகவல் போகாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. "என் பாட்டை, என் வீடியோவைத் திருடிப் போட்டுவிட்டான்" என்று காப்புரிமைப் புகார் கொடுத்தால் அங்கே கொடுத்தவர் பெயர் எதிராளிக்குப் போகலாம். மானம், மிரட்டல், ஆபாசம் சம்பந்தப்பட்ட புகாரில் அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஐம்பது பேர் சேர்ந்து அமுக்கினால்தான் நீக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, விதியை மீறியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. எனவே ஒரே ஒரு பெண் கொடுக்கிற புகாருக்கும் மதிப்பு உண்டு. அதேபோல் உள்ளாட்சித் தேர்தல் பகையில் நல்ல பதிவைப் பத்துப் பேர் சேர்ந்து புகார் செய்து கவிழ்க்கலாம் என்று நினைப்பதும் வீண்.

"விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தால்?

நம் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு குழுவின் பிரதிநிதி. அவருடைய போட்டோவை எடுத்து, அவர் பெயரிலேயே ஒரு செயலியில் போலிக் கணக்கு ஆரம்பித்துவிட்டார்கள். அதிலிருந்து உறுப்பினர்களுக்கெல்லாம் "அவசரமாப் பணம் வேணும்" என்று செய்தி. சிலருக்கு அசிங்கமான செய்தி. ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழுப் பணத்தைக் கையாளுகிற பெண் என்றால் ஒரு சொல் போதும், பத்து வருஷ நம்பிக்கை போய்விடும்.

அந்த அக்கா புகார் செய்தார். இரண்டு நாளில் பதில் வந்தது: "நாங்கள் பார்த்தோம், எங்கள் விதிகளை மீறவில்லை." அவர் உடைந்துபோய்விட்டார். "கம்பெனிக்காரனே சரின்னு சொல்லிட்டான், இனி யாருக்கிட்ட போய்ச் சொல்ல" என்று குழுக் கூட்டத்துக்கே வராமல் நின்றுவிட்டார்.

அவர் மகள்தான் அந்தப் பதிலைத் திறந்து முழுதும் படித்தாள். அம்மா புகார் செய்யும்போது காரணம் கேட்ட இடத்தில் "இது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை அமுக்கியிருக்கிறார். அந்தப் பதிவில் இருந்தது அவருடைய சாதாரண போட்டோ, சேலை கட்டி, பொட்டு வைத்து. அதைப் பார்த்தால் எந்த விதியையும் மீறவில்லைதான். மகள் மறுபடி புகார் செய்தாள். இந்தமுறை தனிப் பதிவைச் சொல்லாமல் அந்தக் கணக்கையே புகார் செய்து, "என்னைப் போல் நடிக்கிறார்கள்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்தாள். கணக்கு நீக்கப்பட்டது. நீக்கிவிட்டோம் என்ற அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் காட்டினார்கள். கணக்கு போனது பெரிய விஷயம் இல்லை. "அது நான் இல்லை" என்று சொல்ல அந்த அக்காவுக்குக் கையில் ஒரு சாட்சி கிடைத்தது. அதுதான் பெரிய விஷயம்.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது: புகாரை முதலில் பெரும்பாலும் கம்ப்யூட்டரே வகை பிரிக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் உள்ள குத்தல், சாதியைச் சாடையாகச் சொல்வது, இரட்டை அர்த்தம் இதெல்லாம் அதற்குப் புரியாமல் போகலாம். எனவே காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம். "மீறவில்லை" என்று பதில் வந்தால், அதன் கீழேயே பல சமயம் "மறுபரிசீலனை கேள்" என்ற பொத்தான் இருக்கும். அதை அமுக்குங்கள். முதல் பதில் கடைசிப் பதில் இல்லை.

சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் கெடு

கம்பெனி மனசு வைத்தால்தான் பதில் சொல்லும் என்று இருந்த காலம் போய்விட்டது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைக் கொண்டு வந்தது. அதன்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை வைக்க வேண்டும். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். தீர்வு சொல்ல முதலில் 15 நாள் கொடுத்திருந்தார்கள். 2026 பிப்ரவரி 20 முதல் அது 7 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

பெண்களுக்கு மிக முக்கியமானது இது. ஒருவருடைய அந்தரங்கப் படம், நிர்வாணப் படம், முகத்தை ஒட்டி மாற்றிய படம், அவரைப் போல் நடிக்கும் போலிக் கணக்கு, இவை பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் இன்னொருவரோ புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 விதி சொன்னது. அதே 2026 திருத்தத்தில் அந்தக் கெடு 2 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. "அவர் சார்பில் இன்னொருவர்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தங்கச்சிக்கு நடந்தால் அக்கா கொடுக்கலாம். உறுப்பினருக்கு நடந்தால் ஊக்குநர் கொடுக்கலாம்.

50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு இன்னும் கூடுதல் கடமை உண்டு. புகாருக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும், அந்த எண்ணை வைத்து நிலவரம் பார்க்க வழி செய்ய வேண்டும். நடவடிக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முடிந்தவரை காரணம் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 பிப்ரவரி முதல் எல்லா செயலிகளுக்கும் இப்படிச் சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுத்தவர், பதிவு போட்டவர் இரண்டு பேருக்குமே முடிவைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயும் விதித்திருக்கிறார்கள். பதில் சொல்வது சலுகை இல்லை, கடமை என்பதை உலகமே ஒத்துக்கொண்டு வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். செயலியில் மூன்று புள்ளியை அமுக்கி "ரிப்போர்ட்" செய்வது ஒன்று. குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவது ஊராட்சி ஆபீஸில் வாய்மொழியாகச் சொல்வது மாதிரி. இரண்டாவது திங்கட்கிழமை மனு மாதிரி. முதலாவதை உடனே செய்யுங்கள். சரியான பதில் இல்லையென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள். இரண்டாவதுக்கும் நியாயமான பதில் வராவிட்டால், மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. 2023 மார்ச் 1 முதல் செயல்படுகிறது. பதில் வந்த 30 நாளுக்குள் ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்யலாம், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இதற்காகத்தான் சீட்டைப் பத்திரமாக வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சீட்டு இல்லாத மனுவுக்கு மேல்முறையீடு இல்லை.

நம் மேலேயே புகார் வந்தால்?

இப்போது நம் குழுக்களில் ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் வேலை எல்லாம் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் போட்டு விற்கிறோம். ஒருநாள் "உங்கள் வீடியோ நீக்கப்பட்டது" என்று அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அழ வேண்டாம். எந்த விதி என்று அதில் எழுதியிருக்கும். படியுங்கள். பெரிய கம்பெனி தானாக ஒரு பதிவை நீக்கினால், ஏன் என்று போட்டவருக்குச் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று 2021 விதியே சொல்கிறது. நியாயம் நம் பக்கம் இருந்தால் "ஏற்கவில்லை", "மறுபரிசீலனை" என்பதை அமுக்குங்கள்.

யூடியூபில் முதல் தடவை பொதுவாக எச்சரிக்கைதான். அதற்கப்புறம் 90 நாளுக்குள் மூன்று தடவை விதியை மீறினால் சேனலையே எடுத்துவிடுவார்கள். முதல் எச்சரிக்கையைப் படிக்காமல் விட்டால் உழைத்துச் சேர்த்த சேனல் போய்விடும். பாங்கிலிருந்து வரும் தவணை நோட்டீஸைப் படிக்காமல் பரணில் போடுவோமா? அது மாதிரிதான் இதுவும்.

திருட்டு அறிவிப்பு

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான அறிவிப்பு வருவது மாதிரியே திருடர்களும் அனுப்புகிறார்கள். "உங்கள் பக்கத்தின் மேல் புகார் வந்துள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், தடுக்க இந்த லிங்கை அமுக்கவும்" என்று வரும். கம்பெனியின் படத்தையும் ஒட்டியிருப்பான். அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்பான், பிறகு ஓடிபி கேட்பான். கொடுத்தால் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடமே பணம் கேட்பான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜமான முடிவு செயலிக்கு உள்ளே, அந்த "உதவி" பகுதியிலேயே இருக்கும். மெசேஜில் வந்த லிங்கைத் தொடாதீர்கள். செயலியை நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அது பொய். எந்தக் கம்பெனியும் புகாரை முடித்து வைக்கப் பணம் கேட்காது, ஓடிபியைச் சொல்லு என்றும் கேட்காது.

சேலத்தில் நடந்ததை மறக்கக் கூடாது

சகோதரிகளே, இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், பதில் தாமதமானால் உயிரே போகும் என்பதை நம் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2016 ஜூன் மாதம். சேலம் மாவட்டம் இளம்பிள்ளை. படித்து முடித்த 21 வயதுப் பெண். அவள் முகத்தை வேறு உடம்போடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. படத்தை நீக்கவும் ஆளைப் பிடிக்கவும் நாள் ஓடியது. அதற்குள் இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தப் படம் தன்னுடையது இல்லை என்று சொன்னதைப் பெற்றவர்கள்கூட நம்பவில்லையே என்ற வேதனை அவள் எழுதி வைத்ததில் இருந்தது. பிறகு குற்றவாளி என்று ஒருவர் கைது செய்யப்பட்டார். தாமதத்துக்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே மன்னிப்புக் கேட்டார். போன உயிர் வருமா?

அன்றைக்கு 2 மணி நேரம் என்ற கெடு இல்லை. இன்றைக்கு இருக்கிறது. ஆனால் கெடு இருந்தும் வீட்டில் நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதால் முதல் கேள்வியாக "நீ என்ன பண்ணின?" என்று கேட்காதீர்கள். "நான் இருக்கேன், வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். புகார் பிறகு. அந்த வார்த்தை முதலில். மனசு உடைந்து தப்பான எண்ணம் வருகிறது என்று தெரிந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எந்த நேரமும் பேசுவார்கள், காசு கிடையாது.

2025-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அவருடைய அந்தரங்கப் படங்கள் பல இணையதளங்களில் பரவிவிட்டன. ஒரு இடத்தில் எடுத்தால் இன்னொரு இடத்தில் முளைத்தது. சட்டம் படித்தவருக்கே இந்த நிலை. 48 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசுக்கு அந்த ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் பலனாக, இப்படிப் பாதிக்கப்பட்ட பெண் எங்கெங்கே போகலாம் என்று ஒரு நடைமுறையை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. அதில் நான்கு வாசல் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, அந்தக் கம்பெனி. இரண்டு, சைபர் குற்றப் புகார் இணையதளம் அல்லது 1930 என்ற போன் எண். மூன்று, போலீஸ் ஸ்டேஷன். நான்கு, மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையம். சேவை மையத்துக்கு வழி தெரியாவிட்டால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் கேளுங்கள்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று ஒருவன் மிரட்டினால், வெளியாகும் முன்பே தடுக்கவும் வழி உண்டு. ஸ்டாப்என்சிஐஐ என்ற இணையதளம் 2021 முதல் இருக்கிறது, 18 வயது முடிந்தவர்களுக்கு. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு எடுத்து, அந்தக் குறியீட்டை மட்டும் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். அதே படத்தை எவனாவது ஏற்றினால் அதில் சேர்ந்துள்ள செயலிகள் அடையாளம் கண்டு தடுக்கும்.

படத்தில் இருப்பது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் ரொம்பக் கவனம். "பாரு, இப்படி வந்திருக்கு" என்று நல்ல எண்ணத்தில்கூட ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் கொடுத்த ஒரு தீர்ப்பை, 2024 செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குழந்தைகளின் ஆபாசப் படத்தை நீக்காமலும் புகார் கொடுக்காமலும் போனில் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று சொன்னது. எனவே உடனே 1098 அல்லது 1930-க்குப் போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை

1. தப்பான பதிவைப் பார்த்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட். தேதி, நேரம், கணக்கின் பெயர், லிங்க் எல்லாம் வேண்டும். (பிள்ளைகளின் ஆபாசப் படத்துக்கு இது பொருந்தாது.)

2. அடுத்து "புகாரளி". காரணத்தை நிதானமாகப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

3. புகார் எண்ணையும் வந்த பதிலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம், அது பத்துப் பேர் கைக்குப் போகும். வீட்டில் தனி நோட்டு போதும்.

4. மறுநாள் "உதவி" பகுதிக்குப் போய்ப் பதில் பாருங்கள். "மீறவில்லை" என்றால் மறுபரிசீலனை. அதற்கும் சரியில்லை என்றால் குறைதீர்ப்பு அலுவலர். பிறகு மேல்முறையீட்டுக் குழு.

5. மிரட்டல், ஆபாசம், பணம் பறிப்பு என்றால் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்கவே வேண்டாம். அதே நாளில் 1930, போலீஸ்.

6. லிங்க் வைத்து வரும் "புகார் அறிவிப்பை" நம்பாதீர்கள்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு பேரை, ஒரு பெரியவர், ஒரு படித்த இளம்பெண் என்று தேர்வு செய்வோம். புகார் செய்யவும் பதில் படிக்கவும் அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம். எந்த வீட்டுப் பெண்ணுக்கு இப்படி நடந்தாலும் கூச்சமில்லாமல் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். கேட்டது வெளியே போகக் கூடாது என்று அவர்கள் முதலில் உறுதி சொல்ல வேண்டும். கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிறோம். மானத்துக்கும் ஒருவருக்கொருவர் நிற்போம். இதை இன்றைய கூட்டத்தின் தீர்மானமாக வைக்கக் கேட்டு முடிக்கிறேன்.